பாம்பனைக் கடந்த தூளி

முதல் நாள், புதன் இரவு

என் பேரனுக்கு ஒரு வயதும் பத்து மாதமும் ஆகின்றன. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவதால் காலை ஒன்பது மணி முதல் மாலை ஏழு மணி வரை அவன் பாட்டியின் பொறுப்பிலும் என் பொறுப்பிலும் வளர்கிறான். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எங்கள் வீட்டில் நான் போட்டிருக்கும் ஒரே அளவுக்கோடு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நான்கு சுவர்களையும் சுற்றி ஓடுகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே உடையக்கூடியதும் கொட்டக்கூடியதும் விழுங்கக்கூடியதும் இருக்கலாகாது. வெள்ளம் வந்த ஊரில் வீட்டுச் சாமான்களைப் பரண்மேல் ஏற்றி வைப்பதைப்போல, அரிசி வாளி, மருந்துப் பெட்டி, என் கண்ணாடி, பாட்டியின் வெற்றிலைத் தட்டு எல்லாம் மேலே போய்விட்டன. கோட்டுக்குக் கீழே நாங்கள் விட்டுவைத்தது குளியலறை வாளி ஒன்றுதான். அதைத்தான் அவன் தன் உடைமையாகக் கொண்டான். நாளைக்கு எத்தனை முறை கவிழ்க்கிறான் என்று ஒருநாள் எண்ணத் தொடங்கிப் பதினொன்றோடு நிறுத்திக்கொண்டேன். அவன் வாயில் அது "வாயி".

அப்படிப்பட்டவனை ராமேஸ்வரத்துக்கு அழைத்துப் போகலாம் என்று சொன்னவர் என் மருமகன். நான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது, புதிய பாம்பன் பாலத்தைக் குழந்தைக்குக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. "மாமா, அவன் பார்க்கிறானோ இல்லையோ, நாம் பார்க்கலாம்" என்றார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

புறப்பாட்டுக்கு முன்பு பெட்டி கட்டுவதில் ஒரு சிறு விவாதம் நடந்தது. மகள் எடுத்து வைத்தவை சத்துமாவு, வெந்நீர் பிளாஸ்க், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், காய்ச்சல் மருந்து, இருபத்தைந்து டயப்பர். என் மனைவி எடுத்து வைத்தது ஒரே ஒரு பழைய சுங்குடிச் சேலை. துவைத்துத் துவைத்து நூல் மெலிந்து, கன்றின் காதைப்போல மென்மையாகிவிட்ட சேலை அது. மகளைத் தூளியில் போட்டு ஆட்டியதும் அதுவே என்று மனைவி சாதிக்கிறாள். எனக்கு அப்படி நினைவில்லை. குழந்தைகளைச் சமதளமான படுக்கையில் கிடத்துவதே நல்லது என்று மருத்துவர் சொன்னதை மகள் நினைவூட்டினாள். "அது கைக்குழந்தைக்கு. இவன் சமதளத்தைக் கண்டால் ஓடத்தானே செய்கிறான்" என்று பாட்டி சொன்னதும், பகலில் மட்டும், பக்கத்தில் ஒருவர் விழித்திருந்தால் மட்டும் என்று சமாதானம் ஏற்பட்டது. அந்தச் சமாதானம் தாம்பரத்தில் வண்டி ஏறிய இரண்டு மணி நேரத்தில் முறிந்தது.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ரயிலில் கட்டணம் இல்லை. தனிப் படுக்கையும் இல்லை. 2022இல் லக்னோ மெயிலில் தாயின் கீழ்ப்படுக்கையோடு மடக்கும் சிறு படுக்கை ஒன்றைச் சோதனைக்காகப் பொருத்திப் பார்த்தார்கள். அதை வடிவமைத்தவருக்கு எங்கள் பேரனைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பெட்டியின் நடைபாதையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அவன் ஏழு முறை அளந்தான். ஒவ்வொரு முறையும் பின்னால் ஒருவர் குனிந்தபடி நடந்தோம். பக்கத்துப் பெட்டிக்காரர்களின் செருப்புகளை இடம் மாற்றினான். ஒருவரிடமிருந்து முறுக்கும் இன்னொருவரிடமிருந்து திட்டும் வாங்கினான். செங்கல்பட்டைத் தாண்டியபோது சிரித்துக்கொண்டிருந்தவன், விழுப்புரம் நெருங்கியபோது காரணமின்றி அழுதான். தூக்கம் வந்த குழந்தை அதை ஒப்புக்கொள்ள மறுக்கும் அழுகை அது. எதிரெதிரே இருந்த இரண்டு மேல்படுக்கைகளின் இரும்புக் கம்பிகளில் பாட்டி சேலையைக் கட்டினாள். மருமகன் தன் முழுப் பாரத்தையும் கொடுத்து முடிச்சை இழுத்துப் பார்த்த பிறகே பிள்ளையை உள்ளே விட்டார். ஆட்டுவதற்கு யாரும் தேவைப்படவில்லை. அந்த வேலையை வண்டியே செய்தது. டிக்கெட் பரிசோதகர் வந்தபோது தூளியைப் பார்த்து, ஒன்றும் பேசாமல், தலையைக் குனிந்து அதற்கு அடியில் நுழைந்து அடுத்த பகுதிக்குப் போனார். கால்மாட்டில் அமர்ந்து விழித்திருக்கும் பொறுப்பு என்னுடையது. அந்த வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாம் நாள், வியாழன்

நாங்கள் வந்த வண்டிக்குப் பெரியவர்கள் இன்றும் போட் மெயில் என்றே பெயர் சொல்கிறார்கள். 1914இல் பாம்பனில் ரயில் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயிலிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் போய், மீண்டும் ரயிலேறிக் கொழும்பு சேர முடிந்தது. கப்பல் போய்விட்டது; பெயர் மட்டும் தண்டவாளத்தின்மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பழைய பாலத்தில் ரயில்கள் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டன. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் வரும்போது நடுவிலுள்ள 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே கிடைமட்டமாக 17 மீட்டர் வரை மேலே எழும்பிவிடும். பழைய பாலத்தில் இரண்டு பாதிகள் கைகூப்பிப் பிரிவதைப்போல மேல்நோக்கித் திறந்தன. மருமகன் இதையெல்லாம் மண்டபம் வருவதற்கு முன்பே எங்களுக்கு விளக்கி முடித்திருந்தார்.

மண்டபத்தைத் தாண்டி வண்டி பாலத்தின்மேல் ஏறும்போது இருள் இன்னும் முழுதாக விலகவில்லை. பெட்டியில் இருந்தவர்கள் அனைவரும் ஒரே பக்கத்துச் சன்னல்களில் குவிந்தார்கள். வேகம் குறைந்தது. வேகம் குறைந்தால் ஆட்டமும் குறையும், ஆட்டம் நின்றால் தூளியில் கிடப்பவன் விழிப்பான் என்பதை எங்களில் எவரும் கணக்கில் எடுத்திருக்கவில்லை. கடலின்மேல் சரியாக ஐந்தாறு தூண்களைத் தாண்டியிருப்போம். உள்ளிருந்து முதல் முனகல் கேட்டது. நான் எழுந்து, சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, பாலம் முடியும்வரை கையால் தூளியை ஆட்டிக்கொண்டே வந்தேன். நூறாண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பாலத்தின் வாரிசை நான் பார்த்தது, என் மனைவியின் மூக்குக் கண்ணாடியில் வரிசையாக ஊர்ந்துபோன சாலைப் பாலத்து விளக்குகளின் எதிரொளியாக மட்டுமே. "பார்த்தீர்களா?" என்று கேட்டார் மருமகன். பார்த்தேன் என்றேன்.

விடுதி அறைக்குள் நுழைந்ததும் மூன்றடிக் கோட்டை மறுபடியும் போட வேண்டியிருந்தது. மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் அலமாரியின் உச்சிக்குப் போயின. கட்டிலுக்குப் பின்னாலிருந்த மின்செருகிகளைத் தலையணை மறைத்தது. குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் மிகத் தாழ்வாக இருந்ததால், அவன் உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளாமல் இருக்க, கதவின் மேல்விளிம்பில் துண்டு ஒன்றைச் சுற்றி அது மூடாதபடி செய்தோம். மாடத்துக் கம்பிகளுக்கிடையே எத்தனை அங்குலம் இடைவெளி என்று சாண் போட்டுப் பார்த்தேன். அவன் தலை நுழையும் அளவு. மாடத்துக் கதவு அந்த நிமிடமே பூட்டப்பட்டது. ஆக, கடல் தெரியும் அறைக்கென்று கொடுத்த கூடுதல் வாடகை வீண். குளியலறையில் நீல நிற வாளி ஒன்று இருந்தது. அதைக் கண்ட பிறகு பிற்பகல் முழுவதும் அவன் அங்கிருந்து அசையவில்லை.

மாலையில் பேய்க்கரும்பில் உள்ள கலாம் நினைவிடத்துக்குப் போய் வந்தோம். வாசல் படிகளை ஏறி இறங்குவதிலேயே அவனுடைய நேரம் முடிந்தது.

மூன்றாம் நாள், வெள்ளி

இன்று கோயில். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள அக்னி தீர்த்தம் கடல்தான் என்றாலும் குளத்தைப்போல அடங்கிக் கிடந்தது. விடியற்காலையிலேயே அங்கே நல்ல கூட்டம். கடலைக் கண்டு பயப்படுவான் என்று நினைத்திருந்தோம். அவன் தண்ணீரில் உட்கார்ந்து, ஒரு பிடி மணலை வாயில் போட்டு, முகம் சுளித்து, அடுத்த பிடியையும் போட்டான்.

கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை கிணறுகள். ஒவ்வொரு கிணற்றின் விளிம்பிலும் ஒருவர் நின்று, கயிறு கட்டிய வாளியால் நீரை இறைத்து, வரிசையில் வருபவர்களின் தலையில் ஊற்றுவார். இந்த ஏற்பாட்டை நான் சிறுவயதில் பார்த்தது. பேரனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு, முதல் வாளி மேலே வரும்வரை எனக்கு உறைக்கவில்லை. அவன் அம்மாவின் இடுப்பில் இருந்தான். கயிற்றின் நுனியில் நீர் தளும்பத் தளும்ப வாளி எழுந்தது. "வாயி!" என்று அவன் போட்ட கூச்சலுக்கு முன்வரிசையில் போய்க்கொண்டிருந்த வடநாட்டுக் குடும்பம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வீட்டில் நாள்தோறும் எந்தக் காரியத்துக்காக அதட்டப்படுகிறானோ, அதையே பெரியவர்கள் பணம் கொடுத்து, வரிசையில் நின்று, கைகூப்பிச் செய்துகொள்கிறார்கள். ஒரு வாளி அல்ல, கிணற்றுக்குக் கிணறு வாளி. விளிம்பில் நின்றவர் அவனுக்காக வாளியைத் தாழ்த்தி, உள்ளங்கை அளவு நீரை மட்டும் உச்சியில் விட்டார். அவன் திருப்தி அடையாமல், ஊற்றப்பட்டவர்களை விட்டுவிட்டு ஊற்றுகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கு உரிய இடம் எதுவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆறாவது கிணற்றோடு அவன் உதடு நீலம் பாயத் தொடங்கியதால், மகளும் பாட்டியும் அவனைத் துவட்டி உடை மாற்றி அழைத்துக்கொண்டு வெளிப் பிராகாரத்துக்குப் போனார்கள். நானும் மருமகனும் இருபத்திரண்டையும் முடித்து, ஈர உடையை மாற்றிக்கொண்டு அங்கே சேர்ந்தோம்.

அந்தப் பிராகாரத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மூன்றாம் பிராகாரம் 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிக்கப்பட்டது. தூண்கள் 1212 என்பது கணக்கு. கிழக்கு மேற்காக அதன் நீளம் ஏறக்குறைய 690 அடி. எங்கள் துறையின் பழைய சங்கிலி 66 அடி. அப்படியானால் பத்தரைச் சங்கிலி நீளத்துக்கு வளைவோ மேடோ இல்லாமல், வெயில் படாமல், ஒரே மட்டத்தில் ஒரு தரை கிடக்கிறது. நடக்கத் தெரிந்த நாள்முதல் சுவரில் முட்டித் திரும்பியே பழகிய ஒரு அடுக்குமாடிக் குழந்தை, முட்டுவதற்குச் சுவரே இல்லாத ஓர் இடத்தை முதன்முதலாகக் காண்கிறது. இறக்கிவிட்ட கணம் அவன் ஓடத் தொடங்கினான். திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கமாக நான்கு அடி ஓடி, நாங்கள் துரத்துகிறோமா என்று திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். இங்கே அந்த விளையாட்டே அவனுக்குத் தேவைப்படவில்லை. அவன் வெறுமனே ஓடினான். மருமகன் பத்தடி பின்னால் நடந்தார். தூண் வரிசையின் கோடு தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேருவதை, வேலைக் காலத்தில் கருவியின் கண்ணாடி வழியாகப் பார்த்த பழக்கத்தில் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதுதான் தவறு. மருமகன் என்னைப் பார்த்து ஏதோ சொல்லத் திரும்பினார். நான் பதில் சொன்னேன். இருவரும் முன்னே பார்த்தபோது பிள்ளை இல்லை. 1212 தூண்களில் ஒவ்வொன்றும் அவனைவிடப் பருமன். எந்தத் தூணுக்குப் பின்னாலும் அவன் இருக்கலாம். கைப்பேசி உள்ளே கொண்டுவர அனுமதி இல்லாததால் மகளைக் கூப்பிடவும் வழியில்லை. மருமகன் இடப்புறமும் நான் வலப்புறமுமாக ஓடினோம். தீர்த்தமாடியவர்களின் ஈர உடை சொட்டிய தரையில் என் கால் ஒருமுறை வழுக்கியது. மொத்தம் இரண்டு நிமிடங்கள் இருக்கும் என்று மருமகன் சொல்கிறார். நான் அளக்கவில்லை. அவன் எங்கே இருந்தான் என்றால், தரையைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் பக்கத்தில், அவருடைய வாளிக்குள் இரண்டு கைகளையும் முழங்கை வரை விட்டபடி நின்றான். அந்த அம்மாள் ஒரு கையில் துடைப்பத்தையும் மறு கையில் அவன் சட்டையின் பின்கழுத்தையும் பிடித்திருந்தார். "யாரு வீட்டுப் பிள்ளைய்யா இது, பொழுதன்னிக்கும் தண்ணியில நிப்பான்போல" என்றார். நன்றி சொல்ல வாய் வராமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மகளிடம் இதை எப்போது சொல்வது என்று நானும் மருமகனும் ஆலோசித்தோம். இரவு உணவுக்குப் பிறகு சொன்னோம். நாளை முதல் அவன் இடுப்பில் துண்டைக் கட்டி மறுமுனையை ஒருவர் பிடித்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. தீர்மானத்தை எதிர்த்தவர் பாட்டி மட்டும்.

நான்காம் நாள், சனி

தனுஷ்கோடிக்குக் குழந்தையோடு போகிறவர்கள் காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். நாங்கள் பத்து மணிக்குக் கிளம்பினோம். இட்லி ஊட்டுவதற்கு ஐம்பது நிமிடமும், ஊட்டியதைக் கழுவுவதற்கு இருபது நிமிடமும், ஒற்றைச் செருப்பைத் தேடுவதற்கு மீதியும் ஆயின. செருப்பு வாளிக்குள் கிடந்தது.

அரிச்சல்முனை வரை இப்போது நல்ல தார்ச்சாலை போகிறது. வலப்புறம் மன்னார் வளைகுடா, இடப்புறம் பாக் நீரிணை. அலையடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும், அடங்கிக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும் ஊர்க்காரர்கள் சொல்வதை ஆட்டோ ஓட்டுநர் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். என் மனைவி அவரை ஒருமுறை பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. முனையில் காற்று மணலை வாரி முகத்தில் வீசியது. பேரன் கண்ணைக் கசக்கினான், கொட்டாவி விட்டான், பிறகு மணி பதினொன்றரை என்பதை ஊருக்கே அறிவிக்கும் அழுகையைத் தொடங்கினான். வீட்டில் அது அவனுடைய தூங்கும் நேரம். அந்த ஒன்றேகால் மணி நேரத் தூக்கம் தவறினால் அன்றைய மாலை எவருக்கும் சொந்தமில்லை என்பதைப் பிள்ளை வளர்க்கும் வீட்டில் விளக்க வேண்டியதில்லை. சுற்றிலும் ஒரு மர நிழல்கூட இல்லை.

திரும்பும் வழியில், இடிந்த தேவாலயத்தின் அருகே, சங்கும் சோழியும் விற்கும் ஓலைக் கடைகளுக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தினோம். பாட்டி பையிலிருந்து சேலையை எடுத்ததைப் பார்த்ததும் கடையிலிருந்த பெண் விஷயத்தைப் புரிந்துகொண்டார். கடைக்குப் பின்னாலேயே அவர் குடிசை. உள்ளே குறுக்குக் கழியில் ஏற்கெனவே ஒரு தூளி தொங்கியது. அதில் அவருடைய எட்டு மாதக் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. "அந்தக் கம்புல கட்டுங்கம்மா, நல்லாத் தாங்கும்" என்று சொல்லி, வலை இழுக்கும் கயிற்றில் ஒரு முழம் எடுத்து அவரே முடிச்சும் போட்டுக் கொடுத்தார். அந்த முடிச்சை மருமகன் இழுத்துப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் அவன் உறங்கிவிட்டான். ஒரே கழியில் இரண்டு தூளிகள். ஒன்றை ஆட்டினால் மற்றதும் மெல்ல அசைந்தது.

நான் தேவாலயத்தைப் பார்க்கப் போனேன். கூரை இல்லை, பவளக்கல் சுவர்கள் நிற்கின்றன. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் இந்த ஊர் போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் அதில் இருந்தவர்களோடு கடலுக்குள் போனது. அதன் பிறகு இந்த இடம் மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் இங்கேயே இருக்கின்றன. அன்றைக்கு எத்தனை தூளிகள் இங்கே தொங்கியிருக்கும் என்ற நினைப்பு வந்ததும் மேற்கொண்டு சுற்றிப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிவிட்டேன்.

குடிசையில் பாட்டியும் அந்தப் பெண்ணும் மாமியார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். குடிநீருக்கு என்ன செய்கிறீர்கள் என்று என் மனைவி கேட்டபோது, அவர் குடிசைக்குப் பின்னால் அழைத்துப் போய்க் காட்டினார். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலில் இரண்டடி தோண்டிய ஊற்று. அடியில் ஒரு சாண் தண்ணீர். தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். ஆகவே சிரட்டையால் அலுங்காமல் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். ஒரு குடம் நிரம்புவதற்கு வெகு நேரம் ஆகும். அவர் அன்று காலை நிரப்பிய குடத்திலிருந்து சமையலுக்காகக் கொஞ்சம் ஒரு வாளியில் ஊற்றி வாசலில் வைத்திருந்தார்.

இதற்குள் வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். அவன் எப்போது விழித்தான், தூளியிலிருந்து எப்படி இறங்கினான் என்று ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் வாசலுக்கு வந்தபோது வாளி கவிழ்ந்திருந்தது; தண்ணீர் மணலுக்குள் போன இடம் மட்டும் கொஞ்சம் கறுத்துக் கிடந்தது. அவன் அதன் நடுவில் உட்கார்ந்து, வழக்கம்போல எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர்ப் போத்தல்கள் ஆட்டோவில் இருக்கின்றன என்றார் மருமகன். நான் பணப்பையில் கையை வைத்து, அது எவ்வளவு தவறான செயல் என்று உணர்ந்து கையை எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண் அவனைத் தூக்கி மணலைத் தட்டிவிட்டு, "மண்ணுல இருந்து வந்தது மண்ணுக்குள்ளதான போகுது" என்று சொல்லி, அவன் கையில் ஒரு சிரட்டையைக் கொடுத்து ஊற்றருகே உட்காரவைத்தார். அடுத்த முக்கால் மணி நேரம் நாங்கள் ஐந்து பேரும் முறைவைத்து மொண்டோம். என் மனைவி மொண்ட ஒவ்வொரு மூன்று சிரட்டைக்கும் அவன் ஒரு சிரட்டையைத் திரும்ப ஊற்றினான். கணக்கு எப்படிப் போட்டாலும் வாளி நிரம்பத்தான் செய்தது. மாலையில் காவல்துறையினர் வண்டிகளைத் திருப்பி அனுப்பும்வரை அங்கேயே இருந்தோம்.

ஐந்தாம் நாள், ஞாயிறு இரவு

மாலை வண்டி. பகல் முழுவதும் அறையிலேயே கழிந்தது; அவனுக்கு இலேசான சளி. இம்முறை பாம்பனைக் கடக்கும்போது வெளிச்சம் இருந்தது. அவனும் விழித்திருந்தான். இருக்கையில் நிற்கவைத்துச் சன்னல் கம்பியைப் பிடிக்கச் செய்தோம். தூக்குப் பாலத்தின் கோபுரங்களையும், பக்கத்தில் கடலுக்குள் நிற்கும் பழைய பாலத்தையும் மருமகன் சுட்டிக்காட்டினார். கீழே பாம்பன் துறையில் கட்டியிருந்த படகுகளைக் கண்டு அவன், "வாயி, வாயி, வாயி" என்று ஒவ்வொன்றாக எண்ணினான். குழிந்திருக்கிறது, தண்ணீரில் இருக்கிறது. அதில் பிழை காண எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பரமக்குடிக்கு முன்பு தூளி கட்டுவதற்காகப் பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது, சேலை தனுஷ்கோடிக் குடிசையின் கழியிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. மறதிதானா என்று மகள் கேட்டதற்குப் பாட்டி வெற்றிலையை மென்றபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ராமேஸ்வரத்தில் வாங்கிய புதுச் சேலையைக் கட்டிப் பார்த்தோம். கஞ்சி போட்ட விறைப்பில் அது தொட்டில்போல் குழியவில்லை, அவனும் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டான். நடைபாதையை அளக்கும் வேலை மீண்டும் தொடங்கியது. மானாமதுரையில் வண்டி நின்று கிளம்பியபோது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், என் கைமீது தலையை வைத்து உறங்கிப்போனான். வலக்கை அவன் தலைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருப்பதால் இன்றைய குறிப்பை இடக்கைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன், எழுத்துப்பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும். காரைக்குடி வருகிறது. கை மரத்துப்போய் அரை மணி நேரம் ஆகிறது. எடுக்கத் துணிவில்லை.